சத்தம் நின்றுபோன கார்

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ். காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்றபோது, முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்த பெரியவர் பக்கத்தில் இருந்த நண்பரிடம் பெருமையாகச் சொன்னார்:

“காருக்கு நானே வைத்தியம் பாத்துட்டேன். தையல் மெஷினுக்கு விடற எண்ணெய்தான்.”

“காருக்கு என்னங்க?”

“புது பிரேக் பேட் மாத்துனதுலேந்து கீச்கீச்சுனு ஒரே சத்தம். நாலு நாள் ஓடினா சரியாயிடும்னான் மெக்கானிக். அதுவரைக்கும் யாரு கேட்டுக்கிட்டு இருக்கறது? முன்சக்கரம் ரெண்டுலயும் உள்ள இருக்கற தட்டுல எண்ணெய விட்டேன். கப்புனு நின்னுடுச்சு.”

நண்பர் முழுதாக அவர் பக்கம் திரும்பினார்.

“அந்தத் தட்ட பிரேக் பிடிச்சாத்தாங்க காரே நிக்கும். எண்ணெய் பட்டா வழுக்கும். கார் இப்ப எங்க?”

“பொண்ணும் மாப்பிள்ளையும் காலைல கொல்லிமலைக்கு எடுத்துட்டுப் போனாங்க.”

“முதல்ல போன் போடுங்க.”

போட்டார். மறுபடியும் போட்டார். பஸ் நகர்ந்து மாம்பழச்சாலை வந்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“மலையில டவர் கிடைக்கல போல,” என்றார் நண்பர்.

“கொஞ்ச நேரம் முன்னாடி பொண்ணு அடிவாரத்துலேந்து பேசினா,” என்றார் பெரியவர். “‘இப்ப சத்தமே இல்லப்பா, தேங்க்ஸ்’னு சொன்னா.”