கார் ஷெட்டுக்குத் தனிப் பெட்டி

கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டி.பி. பெட்டியைக் கண்ணுக்கு நேரான உயரத்தில்தான் மாட்டவேண்டும். குனிந்து பார்க்கிற இடத்தில் மாட்டினால் யாரும் பார்க்கமாட்டார்கள். முப்பத்தொரு வருஷம் வயரிங் வேலை பார்த்தவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

கார் ஷெட்டுக்குத் தனிப் பெட்டி என்பது என் யோசனைதான். வீட்டோடு இருந்த மாப்பிள்ளை மரச்சாமான் செய்கிறவர். பட்டறை போட வேறு ஊரில் இடம் பார்க்கிறேன் என்று ஆரம்பித்தார். அவர் போனால் என் மகளும் போவாள். தாயில்லாப் பிள்ளை, தனியாளாக வளர்த்தவன் நான். “எதுக்கு மாப்பிள்ளை அலையறீங்க? நம்ம ஷெட்டுல காரா நிக்குது? மெயின்லேர்ந்து தனி லைன் இழுத்துத் தர்றேன்” என்றேன்.

மகளுக்குத் தாங்காத குஷி. “மருமகனுக்குன்னா ஷெட்டுக்கே லைன். சமையல்கட்டுல ஒரு பிளக் பாயிண்ட் போட மட்டும் நாலு வருஷமா நாள் பாக்கறீங்க” என்று என்னைச் சீண்டினாள்.

இரண்டாம் நாள் பெட்டிக்குள் வயர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை சொன்னார்: “ரொம்ப மெனக்கெடாதீங்க மாமா. ஆறு மாசத்துக்குத்தான். அங்க வீடு அமைஞ்சிடுச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவதான் தயங்கிக்கிட்டு இருக்கா.”

நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

என் கையில் அப்போது எர்த் வயர் இருந்தது, கசிகிற கரண்டை ஆள்மேல் பாயவிடாமல் மண்ணுக்கு இறக்குகிற வயர். அதை முடுக்கவில்லை. மடித்து, டேப் சுற்றி, பின்னால் சொருகினேன். எர்த் இல்லாவிட்டாலும் விளக்கு எரியும், மிஷின் ஓடும், வித்தியாசமே தெரியாது. கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற சுவிட்சை “அப்புறம் போட்டுக்கலாம்” என்றேன். அவருடைய பழைய அறுப்பு மிஷினில் கசிவு இருந்தது. சோதித்தவன் நான்தான். “ஒண்ணுமில்ல, ஓட்டுங்க” என்றேன். மாமா போட்ட லைன் என்று அவர் டெஸ்டர்கூட வைத்துப் பார்க்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை மகள் ஷெட்டைக் கழுவிவிட்டிருந்தாள். அவர் வெறுங்காலோடு போய் மிஷின்மேல் கை வைத்தார். நான் போய் மெயினை அணைத்தேன். ஓடிப்போய் அணைத்தேன் என்று சொல்லமாட்டேன். பிறகு எர்த் வயரைப் பிரித்து அதன் இடத்தில் முடுக்கிவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டேன். சோதிக்க வந்த அதிகாரி பெட்டியைப் பார்த்துத் தலையாட்டினார். பழைய மிஷின், ஈரத்தரை என்று எழுதிக்கொண்டு போனார்.

“தரை காயறதுக்குள்ள அவரை உள்ள விட்டேனே, நான்தாம்பா கொன்னுட்டேன்” என்று மகள் அழுதாள். பெற்ற மனசு, பதறிப்போய்விட்டேன். “போறாத காலம்மா, விடு” என்று முதுகைத் தடவினேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மாதம் என்னோடுதான் இருந்தாள். ஒருவேளைதான் சாப்பிடுவாள், அதுவும் நான் ஊட்டினால். தலைகூட நான்தான் வாரிவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது நல்ல காலம்.

போன வாரம் துணிமணியைக் கட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். “இங்க எங்க கால் வச்சாலும் ஈரமாவே தெரியுதுப்பா. நான் பண்ணின பாவத்துக்கு அவரைப் பெத்தவங்களுக்கு உழைச்சே கிடக்கறேன். இனிமே வரமாட்டேன்” என்றாள்.

அதனால்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை, செய்தது நான். நீங்கள் எழுதியதை அப்படியே அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். தெரிந்துவிட்டால் அவள் அங்கே கிடந்து கஷ்டப்படவேண்டியதில்லை. அவள் அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். என்னை எப்போது விடுவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் ஐயா, அவள் திரும்பி வரும்போது நான் வீட்டில் இருக்கவேண்டும்.