ஒழுகாத பிளக்

சிவசங்கர் அவர்களுக்கு,

எங்கள் வண்டியைப் பற்றிய உங்கள் இன்ஷூரன்ஸ் சர்வே அறிக்கையைப் படித்தேன். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம். ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. “கியர்பாக்ஸின் அடி பிளக் சரியாக முறுக்கப்படாததால் ஆயில் சிறிது சிறிதாக ஒழுகித் தீர்ந்திருக்கிறது” என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

அந்த பிளக் ஒழுகவில்லை. அதைக் கடைசியாக முறுக்கியவன் நான். செம்பு வாஷர் புதிதாக இருந்ததை நீங்களே குறித்திருக்கிறீர்கள். கழற்றிய வாஷரை மறுபடி போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. நான்கு தடவையும் புதிதுதான் போட்டேன்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. முப்பத்தொரு வருடம் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளராக இருந்தவன். கோயிலில் தீர்த்தம் வாங்குவதில் எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு வரிசை உண்டு. நான் நகர்ந்து நிற்காமல் பின்னால் இருப்பவர் கை நீட்டமாட்டார். உறவில் யார் கார் வாங்கினாலும் என்ன ஆயில் என்று என்னைக் கேட்பார்கள். கியர்பாக்ஸுக்குத் தொண்ணூறாம் நம்பர் என்பேன். தேன் மாதிரி கெட்டியாக இறங்கும் ஆயில். அப்படியே ஊற்றுவார்கள்.

போன ஆயுத பூஜைக்கு முதல் நாள், என் மருமகள் ஸௌம்யாவின் வண்டிக்கு ஆயில் மாற்ற பென்னலூரிலிருந்து மெக்கானிக் சின்னப்பராஜ் வந்திருந்தான். குன்றத்தூரிலிருந்து சம்பந்தி பலராமனும் வந்திருந்தார். நான் தொண்ணூறு டின்னை எடுத்து வைத்தேன். ஸௌம்யா ஒரகடத்தில் கியர்பாக்ஸ் சோதிக்கிற லைனில் இன்ஜினீயர். வண்டிக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து வந்தாள்.

“மாமா, இந்த வண்டிக்கு மெலிசு ஆயில்தான். இதுல போட்டிருக்கா பாருங்கோ. உங்க டின்னுல இருக்கிற கந்தகம் உள்ளே பித்தளை வளையத்தையெல்லாம் தின்னுடும்.”

சின்னப்பராஜும் சேர்ந்துகொண்டான். “பாப்பா சொல்றது கரீட்டு பெரியவரே. தொண்ணூறு ஊத்திகினா காலைல கியரே வுழாது.”

அதோடு விட்டிருக்கலாம். சம்பந்தி விடவில்லை. “ஸ்வாமி, உம்ம தொண்ணூறு உமக்கு முன்னாடியே ரிடையர் ஆயிடுத்து ஓய்” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மகன் யதிராஜும் சிரித்தான். அவன் சிரித்ததைத் தவறு என்று சொல்லவில்லை. சிரித்தான் என்று சொல்கிறேன்.

ஆயிலைப் பொறுத்தவரை ஸௌம்யா சொன்னது சரி. அன்று மாலையே புத்தகத்தை எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டேன். ஆனால் ஒரு வீட்டில் யார் சரி என்பதைப் புத்தகம் தீர்மானிக்க ஆரம்பித்தால் பிறகு பெரியவர்கள் எதற்கு?

அந்த வண்டி சனி, ஞாயிறுகளில்தான் வெளியே போகும். மற்ற நாட்களில் யதிராஜும் ஸௌம்யாவும் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் அவர்கள் இல்லாமல் வாய்த்த ஏகாதசி நாட்களில் நான் என் வேலையை வைத்துக்கொண்டேன். உபவாசம் இருப்பதால் வயிறு காலி. எழுபத்தொரு வயதில் வண்டிக்கு அடியில் நுழைய அது சௌகரியம். முன் சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றி, பிளக்கைக் கழற்றி, ஒரு ஊறுகாய் பாட்டில் அளவு ஆயிலை வடித்துவிட்டு மூடிவிடுவேன். ஒரு சொட்டு தரையில் விழுந்ததில்லை. பாட்டிலில் தேதி எழுதி ஒட்டினேன். பெயரில்லாத பாட்டில் எங்கள் வீட்டில் கிடையாது. நான்கும் பரணில் இருக்கின்றன, வந்தால் பார்க்கலாம்.

மூன்றாவது ஏகாதசிக்குப் பிறகு கியர்பாக்ஸில் சத்தம் வந்தது. பொங்கலுக்கு வந்த சம்பந்தியை அதே வண்டியில்தான் கோயிலுக்கு அழைத்துப் போனோம். இறங்கும்போது அவர் முகம் வாடியிருந்தது. “மெலிசு ஆயில்னா கத்தத்தான் செய்யும்” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயித்தவன் அதிகம் பேசக்கூடாது.

“லெவல் குறைஞ்சிருக்குமோ மாமா?” என்று ஸௌம்யா கேட்டாள்.

“நான் பார்த்துட்டேன். நிறையவே இருக்கு” என்றேன். இந்த விவகாரத்தில் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான்.

மூன்று பாட்டிலையும் திரும்ப ஊற்றிவிடுவதாகத்தான் இருந்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி மாமா என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சின்னப்பராஜிடம் காட்டப் போவதாகச் சொன்னாள். மறுபடியும் சின்னப்பராஜ். அதற்குள் நான்காவது ஏகாதசி வந்தது.

அந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை யதிராஜ் பஸ்ஸைத் தவறவிட்டான். “அப்பா, வண்டியை எடுத்துண்டு போறேன்” என்று சாவியோடு வந்தான். நான் கேட்டருகே நின்றிருந்தேன். போகாதே என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பான். அதற்கும் பதில் சொல்லலாம். ஆனால் எதிர் வீட்டு கனகலட்சுமி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் ஒன்று விழுந்தால் மாலைக்குள் சந்நிதித் தெரு முழுக்கத் தெரியும்.

“மெதுவா போ” என்றேன். அப்படிச் சொன்னதற்கு கனகலட்சுமியே சாட்சி.

அவன் மெதுவாகப் போகவில்லை. ஒரகடம் சாலையில் ஐந்தாவது கியரில் போகும்போது கியர்பாக்ஸ் இறுகி, முன் சக்கரங்கள் சுற்றாமல் நின்றன. பின்னால் வந்தது கார்களை ஏற்றிச் செல்லும் டிரெய்லர். யதிராஜின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மற்றபடி உங்கள் அறிக்கையில் அந்தப் பகுதி சரியாகவே இருக்கிறது.

ஒழுகல் என்று நீங்கள் எழுதியதால் சின்னப்பராஜிடம் வண்டி விட ஆட்கள் யோசிக்கிறார்களாம். பட்டறையைப் பாதி நேரம் மூடி வைத்திருக்கிறானாம். அது வேறு விஷயம். என் கையால் முறுக்கிய பிளக்கை ஒழுகியது என்று ஒரு காகிதம் சொல்வதை நான் ஏற்க முடியாது. ஆயில் தானாகப் போகவில்லை, வடிக்கப்பட்டது என்று திருத்தி எழுதுங்கள். என் பெயரை ஸௌந்தரராஜன் என்று முழுதாக எழுதவும். முதல் எழுத்து ‘சௌ’ அல்ல.

போன வாரம் யதிராஜுக்காக ஒரு வண்டி வாங்கினோம். கிளட்ச் இல்லாதது, அவனுக்கு இனி அதுதான் முடியும். சம்பந்தி வந்திருந்தார். யதிராஜ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எல்லோர் முன்னிலையிலும் ஸௌம்யா என்னிடம் வந்தாள்.

“அன்னிக்கே உங்க பேச்சைக் கேட்டிருக்கணும் மாமா. கெட்டி ஆயிலா இருந்தா இப்படி ஒழுகித் தீர்ந்திருக்காதோ என்னவோ. என் தப்பு. இதுக்கு என்ன ஆயில் ஊத்தலாம், நீங்களே சொல்லுங்கோ.”

அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு மனசு இளகிவிட்டது.

“புத்தகத்துல என்ன போட்டிருக்கோ, அதையே ஊத்தும்மா” என்றேன்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.