பட்டி வைத்த தரை

பழைய கார் வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்ப்பார்கள். நான் கால்விரிப்பைத் தூக்கிப் பார்ப்பேன். இங்கே பஃபலோவில் ஐந்து மாதம் பனி உருகுவதற்காகத் தெருவெல்லாம் உப்பைக் கொட்டுகிறார்கள். பனியும் உப்பும் பூட்ஸோடு உள்ளே வந்து விரிப்புக்கு அடியில் தங்கிவிடும். வெளியே ஒரு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கையளவு போயிருக்கும். முப்பத்தோரு வருடமாக டிங்கரிங் வேலை செய்கிறேன். விசாரிக்க வந்த நீங்கள் கேட்டதால் நிதானமாகவே சொல்கிறேன்.

டேரல் ஹன்ட்லி போன அக்டோபரில் என் பட்டறைக்கு ஒரு பழைய இரண்டு கதவுக் காரை இழுத்துக்கொண்டு வந்தான். அந்த வகைக் காருக்கு அடியில் தாங்குவதற்குத் தனியாக இரும்புச் சட்டம் கிடையாது. உடம்பேதான் சட்டம். இருக்கையும் பெல்ட்டும் பிடித்து நிற்பது தரைத்தகட்டில். அது இற்றுப்போனால் எல்லாம் போயிற்று.

அவனை எனக்குத் தெரியும். அவனுக்குத்தான் என்னைத் தெரியவில்லை. ஆறு வருடத்துக்கு முன் என் மகள் பௌலாவுக்கு அவன் ஒரு கார் விற்றான், தரை புதிதாகப் போட்டது என்று சொல்லி. பௌலா கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். என்னிடம் காட்டாமலே வாங்கிவிட்டாள். மூன்றாவது வாரம் முன்னால் நின்ற வேனில் இடித்தாள். மெதுவான இடி. வேன்காரருக்குக் கீறல்கூட இல்லை. பௌலாவின் இருக்கை தரையோடு பிய்த்துக்கொண்டு போயிற்று. விசாரணையில் டேரல், எனக்கு முன்னால் வைத்திருந்தவன் செய்த வேலை, எனக்கு எதுவும் தெரியாது என்றான். அவர்களும் நம்பினார்கள். அன்று முழுக்க என்னிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான். ஒரு தரம்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

பழிவாங்குவதற்காக நான் அந்த வேலையை ஒப்புக்கொள்ளவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். வேலை என்று வந்தால் வேலை.

சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல தகடு கணீரென்னும், துருப்பிடித்தது தொப்பென்னும். தொப்பென்ற இடத்தில் திருப்புளியை அழுத்தினால் கேக்கில் இறங்குவதுபோல இறங்கும். பதினெட்டு இடம் கண்டுபிடித்தேன். கதவுக்கு அடியில், பின்சக்கர வளைவில், முன்கண்ணாடியின் கீழ்விளிம்பில். அதில் பதினேழை நல்ல இரும்பு தெரிகிறவரை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டு செய்தேன். போய்ப் பாருங்கள், எல்லாம் இன்னும் உறுதியாக இருக்கும்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் டேரல் காபியும் டோனட்டும் வாங்கிக்கொண்டு வந்தான். நான் குப்புறப் படுத்து வெல்டு செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"ஏன் லென், இவ்வளவு மெனக்கெடுறே? மேல பளபளன்னு இருந்தாப் போதும். அடியில எவன் குனிஞ்சு பாக்கப்போறான்? நான் வித்த வண்டிக்கெல்லாம் துரு ஓட்டைமேல பட்டிப் பசைய அப்பித்தான் குடுத்திருக்கேன். குறை சொல்லிக்கிட்டு இதுவரைக்கும் ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல."

வெல்டிங் முகமூடி போட்டிருந்தேன். அதனால் அவன் எதையும் பார்க்கவில்லை. "அதுவும் சரிதான்" என்றேன். அவன் கொடுத்த டோனட்டைத் தின்றேன். ஒருத்தரும் திரும்பி வரவில்லை என்பது உண்மைதானே. பௌலா எங்கிருந்து திரும்பி வருவாள்? பிறகு முகமூடியை இறக்கிக்கொண்டு வெல்டிங்கைத் தொடர்ந்தேன்.

மிச்சமிருந்தது ஒரே இடம், ஓட்டுகிறவர் இருக்கைக்கு அடியில். அங்கே துருவை வெட்டவில்லை. கம்பி வலையை வைத்து, பட்டியை அப்பி, தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே தார்ப் பூச்சு பூசினேன். அவன் விரும்புகிற மாதிரியே செய்து கொடுத்தேன். என் கையால் செய்ததிலேயே சுத்தமான பட்டி வேலை அதுதான்.

பிறகு நடந்ததை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஜூன் மாதம், காரை எடுத்துப்போன பத்தொன்பதாவது நாள், அது ஒரு பால்வண்டியில் இடித்தது. ஓட்டியது டேரல் இல்லை. அவன் மகள் ஷெல்பி, இருபத்திரண்டு வயது. அதில் எனக்கும் வருத்தம்தான்.

ஷெல்பிதான் ஓட்டப்போகிறாள் என்று முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். காரை எடுக்க இருவரும் சேர்ந்துதான் வந்தார்கள். கல்லூரி முடித்ததற்குப் பரிசு என்று டேரல் சொன்னான். நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். அந்த இடத்தை இரண்டே நாளில் வெட்டிச் சரிசெய்திருக்கலாம். நினைத்தேன். அவன் அந்தப் பெண்ணின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். கேட்கவில்லை.

அவள் குனிந்து காருக்கு அடியில்கூடப் பார்த்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். "சார், இதுல ஹைவேல போகலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமாப் போலாம்மா" என்றேன்.

அவள் குள்ளம், பெடல் எட்டவில்லை. இருக்கையை நான்தான் முன்னால் தள்ளிக் கொடுத்தேன். பெல்ட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னதும் நான்தான். டேரல் அவளுக்கு அதைக்கூடச் சொல்லவில்லை.