பனிக்குள் கஸ்னோ பேசியது

விடிவதற்கு முந்தைய நேரம். ஜாவா மலையில் வொனொசோபோ ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இறங்கும் சாலை. இரண்டு பக்கமும் வீடு கிடையாது. விளக்கு கிடையாது. முன்னால் போகிறவன் முதுகு தெரியாத பனி...

நம் வார்டு நர்ஸ் யுலி இருக்கிறாளே, அவளுடைய நாத்தனாருக்கு நடந்தது இது. பெயர் துமினி. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கரண்ட் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

துமினி முட்டைக்கோஸ் விற்கிறவள். புருஷன் கஸ்னோ உருளைக்கிழங்கு லாரி ஓட்டினான். ஒருநாள் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. கீழே டவுன் ஆஸ்பத்திரியில் குழாய்களை மாட்டிப் படுக்கவைத்தார்கள். கண் திறக்கவே இல்லை.

துமினி வராந்தாவில் பாயை விரித்து உட்கார்ந்தாள். சாப்பாடு இல்லை, அழுகையும் இல்லை. நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் மனத்தைத் தேற்றுவதற்கென்றே அங்கே நிங்ரும் என்று ஒரு பெண் வேலையில் இருந்தாள். சின்ன வயசுதான். அவள் பாயில் பக்கத்திலேயே உட்கார்ந்து இஞ்சித் தேநீரை ஆற்றிக் கொடுத்தாள். அப்புறம்தான், உள்ளே போய் அவரிடம் பேசச் சொன்னாள். அவருக்குக் கேட்கலாம் என்றாள்.

"என்னத்தம்மா பேசறது?"

"வீட்ல என்ன பேசுவீங்களோ, அதையே பேசுங்கக்கா."

"வீட்ல நாங்க பேசிக்கிட்டதே இல்லயே."

நிஜம்தான். அவன் வருவான், தின்பான், தூங்குவான். சண்டைகூடக் கிடையாது. ஆனால் துமினி பேசினாள். ஆடு இரட்டைக் குட்டி போட்டதைச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்திப் போட்டதைச் சொன்னாள். ஒருநாள் அவனைத் திட்டினாள். மறுநாள், கல்யாணமான புதிதில் தான் ஏன் அம்மா வீட்டுக்கு ஓடினோம் என்பதைச் சொன்னாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவன் முகத்தில் ஒரு அசைவு இல்லை.

கடைசியில், அடுப்படிக்கு மேலே ஓடு நகர்ந்து ஒழுகுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மிஷின் நீளமாக ஒரே சத்தம் போட்டது. ஓடி வந்தவர்கள் அவளைச் சுவரோரம் தள்ளினார்கள். அங்கே நின்றபடியே துமினி மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்... பழைய ஓடு கோழிக்கூண்டுக்குப் பின்னால்தான் கிடக்கிறது, நீங்கள் வந்து மாற்றுங்கள் என்று.

ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து செத்தவனுக்கு ஓதுகிற நாற்பதாம் நாளும் கழிந்தது. துமினி மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சாலையில் இறங்கினாள்.

முதலில் வாசனை வந்தது. கிராம்பு சிகரெட்... டீசல்... ஈர மண். அப்புறம் ரப்பர் பூட்ஸ், சளக், சளக். அப்புறம் குரல். கஸ்னோவேதான். இழுத்து இழுத்து, பேசிப் பழக்கமில்லாத மாதிரி.

"உங்க அம்மா வந்து பாத்துட்டுப் போனாங்க, துமி. இங்க குளிர் இல்ல. ஓட்டறதுக்கு லாரியும் இல்ல."

அவள் அம்மா செத்து எத்தனையோ வருஷம்.

"நான் இங்கதான் இருக்கேன்," என்றாள் துமினி. அவனுக்குக் கேட்கவில்லை. அவன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தான். கத்திப் பார்த்தாள். கேட்கவில்லை. சாலை முடிகிற இடத்தில் கெஞ்சுகிற மாதிரி ஒன்று சொன்னான்.

"ஒரே ஒரு தடவ கண்ணத் தொற, துமி."

ஒவ்வொரு விடியலிலும் இதேதான். துமினி ஆஸ்பத்திரிக்குப் போய் நிங்ருமிடம் சொன்னாள். நிங்ரும் சிரிக்கவில்லை, பிரமை என்றும் சொல்லவில்லை. பயமாயிருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். பயமெல்லாம் இல்லை என்றாள் துமினி. வேறொன்றுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

"நான் இவ்வளவு பதில் சொல்றேன், அவருக்குக் கேக்கல. அப்ப... நான் அங்க பேசினப்போ அவரும் இப்படிப் பதில் சொல்லிட்டே இருந்தாரோ?"

எத்தனையோ வீட்டாரைத் தேற்றியவள் நிங்ரும். நாளைக்கு நானும் உங்கள்கூட வருகிறேன் என்றாள்.

வந்தாள். இரண்டு பேரும் பனிக்குள் இறங்கினார்கள். நிங்ருமுக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை, ஒரு சத்தமும் கேட்கவில்லை. தேயிலையிலிருந்து நீர் சொட்டியது, அவ்வளவுதான். பாதி வழியில் துமினி சட்டென்று நின்றாள். வலது கை தானாக முன்னால் நீண்டது. நிங்ரும் போன் வெளிச்சத்தை அடித்தாள்.

துமினியின் புறங்கையில் நான்கு பள்ளம். அழுந்திய இடத்தில் சதை வெளுத்திருந்தது. யாரோ இறுக்கிப் பிடித்திருக்கிற மாதிரி... மெல்ல, ஒவ்வொன்றாக, அந்தப் பள்ளங்கள் விட்டுப்போயின. ரத்தம் திரும்பி ஓடியது.

"என்னக்கா சொல்றாரு?"

துமினி கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போதுதான், ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட அழாதவள், அழுதாள்.

"அழறாரும்மா. நான்தான் செத்துப் போயிட்டேன்னு நெனச்சிட்டாரு."

அதற்கப்புறம் கஸ்னோ வரவே இல்லை. துமினி மட்டும் இன்றைக்கும் அந்தச் சாலையில் பேசிக்கொண்டேதான் இறங்குகிறாள்.

நிங்ரும் யுலியிடம் மட்டும் இன்னொன்று சொல்லியிருக்கிறாள். அன்று துமினி அழுதுகொண்டிருந்தபோது, ஆளே இல்லாத தேயிலைக் காட்டுக்குள்ளிருந்து அவளுக்கும் ஒரு சத்தம் கேட்டதாம். பத்துப் பதினைந்து ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், செத்தவர்களுக்கு ஓதுகிற ஓதல்.

நடுநடுவே ஒரு பெயர் வந்ததாம்.

துமினி... துமினி...