மூச்சை யாரிடம் கொடுப்பது

டிரைவர்: வெள்ளையா ஒண்ணு வச்சிருக்கீங்களே டாக்டரம்மா... அது பாலா?

டாக்டர்: பார்க்கத்தான் பால். மயக்க மருந்து. இது உள்ள போகும்போது ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணச் சொல்வேன். ஒருத்தரும் இருபதைத் தாண்டினதில்ல.

டிரைவர்: நான் தாண்டுவேன். இருபத்தாறு வருஷமா லாரி ஓட்டுறேன், ஒரு நாள் கண்ணசந்ததில்ல.

டாக்டர்: போன வாரம் ஒரு வாட்ச்மேனும் இதையேதான் சொன்னார். பதினொண்ணுல குறட்டை.

டிரைவர்: சரி... பக்கத்துல இருக்கிறது?

டாக்டர்: வலிக்கு.

டிரைவர்: தூங்குறவனுக்கு என்னம்மா வலி?

டாக்டர்: நீங்கதான் தூங்குறீங்க, உடம்பு தூங்காது. கத்தி பட்டா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். அதனால தூக்கத்துக்குத் தனி, வலிக்குத் தனி.

டிரைவர்: அடேங்கப்பா... அப்ப அந்த மூணாவது?

டாக்டர்: தசையெல்லாம் தளர்றதுக்கு. அந்தக் காலத்துல காட்டுல ஒரு கொடியோட சாறை அம்பு நுனியில தடவுவாங்க. பட்ட மிருகம் அப்படியே சாஞ்சிடும். அதைப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான்.

டிரைவர்: அம்பு விஷமா... எனக்கா?

டாக்டர்: உங்க எடைக்குக் கணக்குப் போட்டு, துளி கூடாம குறையாம.

டிரைவர்: இருங்க இருங்க... தசையெல்லாம்னா... மூச்சு?

டாக்டர்: நின்னுடும்.

டிரைவர்: நின்னா... அப்புறம் யாரு விடுவா?

டாக்டர்: நான். தொண்டையில குழாய் போட்டு மெஷின்ல மாட்டுவேன். மெஷின் மக்கர் பண்ணினா இந்தப் பை இருக்கு. ஒரு அமுக்கு, ஒரு மூச்சு.

டிரைவர்: ஆபரேஷன் நடக்குற நாலு மணி நேரமுமா? நடுவுல எழுந்து போக மாட்டீங்க?

டாக்டர்: உங்க தலைமாட்டை விட்டு நகர மாட்டேன்.

டிரைவர்: கிளீனர்கிட்டகூட ஸ்டியரிங்கைக் கொடுக்காதவன் நான்... மூச்சைக் கொடுக்கணுங்கறீங்க.

டாக்டர்: திருப்பித் தந்துடுவேன். கடைசியா ஒரு ஊசி போட்டா, அந்த மூணாவது மருந்தைத் தேடிப் போய் அமுக்கிப் பிடிச்சுக்கும். கொஞ்ச நேரத்துல நீங்களா மூச்சு இழுப்பீங்க. எத்தனையோ தடவை பார்த்தாச்சு. அந்த முதல் மூச்சுல எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கும்.

டிரைவர்: மனுஷன் என்னவெல்லாம் கண்டுபிடிச்சிருக்கான்... அக்கா பக்கத்து ரூம்தானே?

டாக்டர்: ஆமா. உங்க கிட்னிக்காகக் காத்துட்டு இருக்காங்க. ராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடலையே?

டிரைவர்: இதையே மூணு தடவை கேட்டுட்டீங்க.

டாக்டர்: வயித்துல ஏதாவது இருந்தா, மயங்கினதும் மேலேறி நுரையீரலுக்குள்ள இறங்கிடும். உசுருக்கே வினை... இன்னொண்ணு. கிட்னி கொடுக்க வர்ற எல்லாருக்கும் தனியா சொல்றதுதான். வேண்டாம்னு தோணினா என்கிட்ட சொல்லுங்க. உடம்பு ஒத்துக்கலன்னு மட்டும் வெளிய சொல்வோம். ஏன்னு உங்க அக்காவுக்கும் தெரியாது, வீட்டுக்காரம்மாவுக்கும் தெரியாது.

டிரைவர்: அப்படியும் விடுவீங்களா?

டாக்டர்: விடுவோம்.

டிரைவர்: அம்மா போனதுக்கப்புறம் எனக்குத் தலை வாரி ஸ்கூலுக்கு அனுப்பினவ எங்க அக்கா...

டாக்டர்: தெரியும். உள்ள அதைத்தான் சொல்லிட்டு இருந்தாங்க.

டிரைவர்: ... டாக்டரம்மா, அந்த ஊசியெல்லாம் மூடி வைங்க.

டாக்டர்: அது அப்பவே மூடியாச்சு. நீங்க வந்து படுத்ததுமே வாயைப் பெருசா திறங்கன்னு சொன்னேனே, பல்லிடுக்குல பிஸ்கட் தெரிஞ்சுது. இன்னைக்கு ஆபரேஷன் இல்லன்னு அப்பவே சர்ஜனுக்குச் சொல்லிட்டேன்.

டிரைவர்: அப்புறம் எதுக்கு இவ்வளவையும் எனக்குச் சொன்னீங்க?

டாக்டர்: மறந்து தின்னீங்களா, தப்பிக்கத் தின்னீங்களான்னு தெரியணும்ல.

டிரைவர்: தப்பிக்கத்தான். தின்னா நிறுத்திடுவாங்கன்னு தெரிஞ்சேதான் நாலு பிஸ்கட்டை டீயில முக்கித் தின்னேன்... நாளைக்கு வைங்கம்மா, பச்சைத்தண்ணி பல்லுல படாது. அக்காகிட்ட எனக்கு வயிறு சரியில்லன்னு சொல்லிடுங்க... பயந்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.