கடைசி அரை இஞ்சி

மெல்ல, மெல்ல. அந்தரப்படாதை. உன்ரை நெஞ்சுக்கு மேலை நிக்கிறது கியர்பொக்ஸ், பஞ்சுத் தலையணை இல்லை. ஜக்கை இன்னும் ஒரு சொட்டு உயத்து. ம்... காணும், காணும். ரோச்சை வாயிலை கவ்விக்கொண்டு கிடக்கிறது உனக்கு நல்ல சாட்டாப்போச்சு, என்ன? ஆரும் கேட்டால், வாய்க்கை ரோச் இருந்தது, அதாலைதான் அத்தானோடை கதைக்கேல்லை எண்டு சொல்லலாம்.

சரி, கதைக்காதை. நான் உன்னைக் கதை எண்டு கேட்டனானே? பதினொரு வருசம் கதையாமல் இருந்தனி, இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தால் குடியே முழுகப்போகுது? ஆனால் ஒண்டு சுதன். காலமை வந்து இறங்கினவுடனை எங்கடை ஜிம்மியைத் தடவித் தடவி, என்னடா மெலிஞ்சுபோனாய் எண்டு கேட்டாய். நீ இஞ்சையிருந்து போகேக்கை அந்த நாயின்ரை தாயே பிறக்கேல்லை. முன்னைபின்னை காணாத நாய் மெலிஞ்சது உனக்கு எப்பிடித் தெரியும்? நான் பக்கத்திலை நிக்கிறன், நானும் மெலிஞ்சுதான் போனன், சீனி வருத்தம் வந்து. என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை.

சிரிக்காதை, ரோச் ஆடுது. வெளிச்சம் துள்ளுறதிலையே தெரியுது நீ கொடுப்புக்கை சிரிக்கிறாய் எண்டு.

இப்ப நான் முன்னுக்குப் போய்க் கைபிடியைப் போட்டு எஞ்சினைச் சாதுவாச் சுத்தப்போறன். கியரிலை போட்டு வைச்சிருக்கிறியோ? ஓம், வெளிச்சம் மேலையும் கீழையும் போகுது, தலையாட்டுறாய். நல்லது. கிளச் பிளேட் நடுவிலைதான் நிக்குது, பழைய ஷாஃப்ட் ஒண்டைக் குடுத்துப் பிடிச்சு வைச்சுத்தான் இறுக்கினனான். நீ கியர்பொக்ஸின்ரை ஷாஃப்டை நேரை பிடிச்சால் சரி. அதின்ரை பல்லு பிளேட்டின்ரை பல்லுக்கை விழவேணும், அவ்வளவுதான். உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. நீ கியர்பொக்ஸ், நான் எஞ்சின். இந்தச் சுன்னாகத்திலை எங்கள் ரண்டுபேரையும் அப்பிடித்தானே சொன்னவங்கள்.

இந்தக் கியர்பொக்ஸைத் திருத்த உன்னட்டை அனுப்பினது நான் எண்டு நினைச்சிடாதை. எனக்குத் தெரியாது. சாவகச்சேரியிலை ஒருத்தர் நல்லாச் செய்வார் அப்பா, நான் கொண்டுபோய்க் குடுக்கிறன் எண்டாள் ஆரணி. நானும் மொக்கன் மாதிரி ஓம் எண்டன். ஓட்டோவின்ரை பின் சீற்றிலை கியர்பொக்ஸை இருத்தி, பக்கத்திலை தான் இருந்து, விழாமல் கட்டிப்பிடிச்சுக்கொண்டெல்லோ போனவள். கலியாணப் பொம்பிளை! ஓட்டோக்காரப் பெடியன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவள் சாவகச்சேரியிலை நிக்கேல்லை, நேரை கொடிகாமத்துக்கு மாமாவிட்டைப் போனவள் எண்டு. உன்னட்டை என்ன சொன்னவள்? அப்பா தந்துவிட்டவர் எண்டோ? பாத்தியே, ரண்டுபேரையும் பேய்க்காட்டிப்போட்டாள். அந்தக் கெட்டித்தனம் உங்கடை பக்கத்து ரத்தம்.

பிடி, பிடி, சுத்துறன். விழுந்துதோ? இல்லையோ. சரி, திரும்ப.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு முகூர்த்தம். அவள் இந்த மொரிஸ் மைனரிலைதான் கோயிலுக்குப் போவாளாம், காரை ஓடுறது சுதன் மாமாவாம். நீ ஓடாட்டில் கூறைச்சீலையோடை ஓட்டோவிலை வந்து இறங்குவன் எண்டு நிக்கிறாள். செய்வாள். கியர்பொக்ஸையே கட்டிப்பிடிச்சுக்கொண்டு போனவளுக்கு இது பெரிய வேலையே? மாப்பிள்ளைப் பெடியன் சுபாங்கன் நல்ல பெடியன், அவனும் சிரிச்சுக்கொண்டு நிக்கிறான், அவள் சொன்னால் ஓம் எண்டுறான். அவனுக்கு இப்பவே கலியாணம் முடிஞ்சு இருபது வருசம் ஆன மாதிரி.

நீ வாறியோ எண்டு அவள் உன்னைக் கேட்டவளாம். நீ ஒண்டும் சொல்லேல்லையாம். எனக்குத் தெரியும் ஏனெண்டு. கலியாணக் காட் தந்தால் வாற ஆள் நீ இல்லை. வீட்டுக்காரன் நேரை வந்து வாயாலை சொல்லவேணும், இல்லாட்டில் சொந்தத் தமக்கையின்ரை வீடெண்டாலும் உங்கடை ஆக்கள் படியேறமாட்டியள். இண்டைக்கும் நீ கியர்பொக்ஸைப் பூட்டத்தான் வந்தனி, படி ஏறேல்லை. பிழை எண்டு நான் சொல்லேல்லை. நானும் அப்பிடித்தான்.

மூண்டு தரம் வெளிக்கிட்டனான் சுதன், உனக்குச் சொல்ல. முதல் தரம் சாவகச்சேரிச் சந்தை மட்டும் வந்து, ரண்டு வத்தகப்பழம் வேண்டிக்கொண்டு திரும்பினனான். ரண்டாந் தரம் மழை எண்டு சாட்டுச் சொன்னன். வானத்திலை ஒரு முகில் இல்லை. மூண்டாந் தரம் உன்ரை கராச் வாசல்லையே மோட்டச்சைக்கிளை நிப்பாட்டிப்போட்டன். நீ ஒரு வானுக்குக் கீழை கிடந்தாய். கால் ரண்டும்தான் தெரிஞ்சுது. காலுக்கோ கலியாணம் சொல்லுறது எண்டு திருப்பிக்கொண்டு வந்திட்டன். என்ரை மனிசி, உன்ரை கொக்கா, கேட்டாள், தம்பிக்குச் சொல்லியாச்சோ எண்டு. ஆள் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். பொய்தான்.

ஆ, போகுது, போகுது! நில்லு. எவ்வளவு மிச்சம்? விரலைக் காட்டு. அரை இஞ்சியோ? எப்பவும் இந்த அரை இஞ்சியிலைதான் பிடிவாதம்.

டேய், போல்ட்டை எடுக்காதை! ஓ, சும்மா தள்ளி வைச்சனியோ. நான் பயந்துபோனன். போல்ட்டைப் பூட்டி இழுத்தால் வரும்தான். வெளியிலை பாத்தால் வடிவாப் பொருந்தி இருக்கும். உள்ளுக்குப் பிளேட்டின்ரை நடு நெளிஞ்சுபோம். ஓடும், பத்து மைல் ஓடும், இருபது மைல் ஓடும். பிறகு ஒரு இடத்திலை கியர் விழமாட்டன் எண்டு நிண்டிடும்.

ஏன் அப்பிடிப் பாக்கிறாய்? ரோச்சைத் திருப்பு, கண்ணுக்கை அடிக்குது.

நான் அந்தக் கதைக்கு வரேல்லை. ஓம், சரி, வந்திட்டன். ஆரணி பெரியபிள்ளையான சாமத்திய வீடு. அவளுக்கு அப்ப பதின்மூண்டு. கொம்மாவையும் தட்டங்களையும் ஏத்திக்கொண்டு விடிய வாறன் எண்டு, முதல் நாள் பின்னேரம் உன்ரை ஒஸ்ரின் காரிலை கொடிகாமம் போனனி. விடிஞ்சால் நீ இல்லை. பிள்ளையை இருத்தியாச்சு, ஐயர் மணிக்கூட்டைப் பாக்கிறார், தேங்காய் உடைச்சுத் தண்ணி வாக்கத் தாய்மாமன் இல்லை. நேரம் தப்புது எண்டு என்ரை ஒண்டுவிட்ட அண்ணையைக் கொண்டு உடைப்பிச்சம். நீ பதினொரு மணிக்கு, கையெல்லாம் கிறீஸோடை, ஆரோ ஒருத்தன்ரை லொறியிலை கொம்மாவை இருத்திக்கொண்டு வந்து இறங்கினாய். கொக்கா அவ்வளவு சனத்துக்கு முன்னாலை உன்னை என்னவெல்லாம் கேட்டாள். என்ரை சித்தப்பா சொன்னார், கிளச்சிலை காலை வைச்சுக்கொண்டே ஓடி எரிச்சுப்போட்டான், பொறுப்பில்லாதவன் எண்டு. நீ ஒரு வார்த்தை திருப்பிக் கதைக்கேல்லை. தட்டத்தை வைச்சாய், பிள்ளையின்ரை தலையைத் தடவினாய், போனாய். அண்டைக்குப் போன ஆள்தான்.

கொஞ்சம் பின்பக்கத்தை உயத்து. பின்பக்கம் எண்டது கியர்பொக்ஸின்ரை பின்பக்கம். ஓம், அப்பிடி. நான் ஒரு மயிரளவு சுத்துறன்.

டொக்! கேட்டியே? போட்டுது! அந்த அரை இஞ்சி இடைவெளி இப்ப இல்லை. ஆர்ரை கை! இப்ப போல்ட்டைப் போடு. ஒண்டு மேலை, ஒண்டு கீழை, எதிர் எதிராப் போடு. நான் இஞ்சாலை இருந்து இறுக்கிறன்.

அந்தக் கதையிலை ஒரு துண்டு மிச்சம் இருக்கு. சித்தப்பா எரிச்சுப்போட்டான் எண்டு சொல்ல முதல், அவருக்கு ஆர் சொன்னது? நான்தான். முதல் நாள் உன்ரை ஒஸ்ரினுக்குக் கியர்பொக்ஸ் ஏத்தினது நான், தனிய. நீ வாழைக்குலை வெட்டப் போயிட்டாய். பந்தல்காரன் கூப்பிடுறான், சமையல்காரன் தேங்காய் காணாது எண்டுறான், எனக்கு இந்த அரை இஞ்சி வரேல்லை. ரண்டு போல்ட்டைப் போட்டு இழுத்தன். ஒரு சத்தம் கேட்டது. எனக்கு அப்பவே தெரியும் சுதன். தெரிஞ்சுகொண்டுதான் உன்ரை கையிலை கார்த் திறப்பைத் தந்தனான். ஒரு நாள் தாங்கும் எண்டு நினைச்சன்.

இந்தா, சொல்லிப்போட்டன். உனக்கு மேலை கியர்பொக்ஸ் நிக்கேக்கை சொன்னால்தான் எழும்பி அடிக்கமாட்டாய் எண்டு பாத்துச் சொல்லுறன்.

என்ன, நீ திடுக்கிடேல்லை? ஸ்பனர் அப்பிடியே சுத்துது.

உனக்குத் தெரியுமோ?

எப்பவிருந்து? அண்டைக்கேயோ? றோட்டிலையே கழட்டினனியோ... கொடிகாமச் சந்தியிலை மரத்துக்குக் கீழை இருந்தனான் எண்டு கொம்மா சொன்னவ, அப்பவோ? நெளிஞ்ச பிளேட்டைக் கையிலை எடுத்துப் பாத்திட்டுத்தான் அந்த லொறியிலை ஏறினனியோ? பாத்திட்டு வந்து, அவ்வளவு பேச்சையும் வாங்கிக்கொண்டு நிண்டனியோ?

கோவத்திலைதான் நீ என்னோடை கதையாமல் இருக்கிறாய் எண்டு நான் பதினொரு வருசமா நினைச்சுக்கொண்டிருந்தன். கோவம் இருக்கும், இல்லையெண்டு சொல்லாதை. ஆனால் அது மட்டும் இல்லை, என்ன? வந்து போய்க் கதைச்சுப் பழகினால், எப்பெண்டாலும் ஒரு நாள் கொக்காவுக்கு முன்னாலை உண்மை வாய் தடுமாறி வந்திடும் எண்டு... ஓமோ?

தலையாட்டினது தெரியுது. வெளிச்சம் மேலையும் கீழையும் போகுது.

அப்ப நீ இனிக் கதைக்கலாம் சுதன். மறைக்கிறதுக்கு ஆளில்லை. இண்டைக்கு விடியக்காலமை, நீ வந்து இறங்க முதல், கொக்காவை இருத்தி வைச்சு எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். பிறகுதான் உனக்கு முன்னாலை வந்து நிக்கிறன். வெள்ளிக்கிழமை என்ரை பிள்ளைக்குக் கலியாணம். வந்து முன்னுக்கு நிண்டு நடத்தித் தா.

கொக்காவோ? குசினிக்கை நிண்டு அழுது அழுது புட்டு அவிக்கிறாள், முட்டைப்பொரியலும் செய்யிறாள். எல்லாம் தம்பிக்காம். எனக்கு நேற்றையான் காஞ்ச பாண் துண்டு.