சரக்கு என்று நான் சொன்னது

என் பெயர் தேவிப்ரியா, வயது 25, தகப்பனார் பெயர் காலஞ்சென்ற அய்யனார். கள்ளக்குறிச்சி நகரம் கருணாபுரத்தில் என் தாயார் சாலம்மாளுடன் குடியிருந்து வருகிறேன். பி.காம். படித்திருக்கிறேன். தொழில் என்ற இடத்தில் காவலர்கள் 'வேலையில்லை' என்று எழுதப் போனார்கள். எனக்கு வேலை இருக்கிறது, அதற்காகத்தான் என்னைப் பிடித்து வந்திருக்கிறீர்கள் என்று நான் சொன்ன பிறகு அந்த இடம் காலியாக விடப்பட்டது.

என் தகப்பனார் மூட்டை தூக்கும் வேலை செய்தவர். 2024-ஆம் வருடம் ஜூன் மாதம் கள்ளச்சாராயம் குடித்து, கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். என்னைச் சாராயம் விற்றவள் என்று விசாரிப்பதற்கு முன்பு இது பதிவாக வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதால் முதலில் எழுதப்படுகிறது.

என் வேலை என்னவென்றால், ஆன்லைனில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து ஆடும் சண்டை விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதில் அரக்கர்களைக் கொன்றால் வாள், கவசம், மோதிரம், காயம் ஆற்றும் மருந்து பாட்டில் என்று ஏதாவது கிடைக்கும். நல்ல பொருள் லேசில் கிடைக்காது. அதற்கு நாள்கணக்கில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி அடிக்க வேண்டும். அதற்கு நேரம் இல்லாத, கையில் காசு இருப்பவர்கள் பெங்களூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு நிஜப் பணம் கொடுத்து என்னிடம் வாங்கிக்கொள்கிறார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை சீசன் என்று சொல்லி ஆட்டம் புதிதாகத் தொடங்கும், எல்லோரும் வெறுங்கையோடுதான் ஆரம்பிக்க வேண்டும். அப்போது முதல் வாரத்தில் பொங்கலுக்கு முந்தின நாள் பூ விற்கிற மாதிரி மருந்து பாட்டில் விற்கும், அப்புறம் சீந்த ஆள் இருக்காது. பஸ் நிலையத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் சுபைர் பாய் எனக்கு ஆள் பிடித்துக் கொடுப்பார். முகம் தெரியாதவர்கள் முன்கூட்டியே பணம் போடுகிறார்கள் என்றால் அது என் பெயரை நம்பித்தான். இதுவரை ஒருவரையும் நான் ஏமாற்றியதில்லை. இப்படி விற்பது அந்த விளையாட்டுக் கம்பெனியின் விதிக்கு விரோதம் என்பது எனக்குத் தெரியும். அதற்காகக் கம்பெனி என் கணக்கை மூடலாம், சாராயக் கேஸ் போட முடியாது.

விற்கிற பொருளை நாங்கள் சரக்கு என்றுதான் சொல்வோம். மளிகைக்கடையிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு இப்போது ஒரே அர்த்தம்தான் என்பது எனக்கு உறைக்காமல் போய்விட்டது.

இன்று செவ்வாய்க்கிழமை காலை சுபைர் பாய் எனக்குப் போன் செய்தார். காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் நான் கத்திப் பேசுவது எனக்கே தெரியவில்லை. "சரக்கு ரெடி பாய். நேத்தே மலைலேர்ந்து எறக்கிட்டேன். பாட்டில் எல்லாம் அப்படியே கீது, பார்ட்டிய இன்னிக்கே எடுத்துக்கச் சொல்லுங்க" என்று சொன்னேன். மலை என்பது விளையாட்டில் மருந்து அதிகம் கிடைக்கும் ஒரு கட்டத்தின் பெயர். மலை என்றால் கள்ளச்சாராயம் இறங்கி வரும் கல்வராயன் மலை என்று மட்டுமே தெரிந்த என் தாயார், அப்போது வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். துலக்கிய பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு எங்கேயோ போனார். வேலை மும்முரத்தில் நான் கேட்கவில்லை.

அதன் பிறகு பகல் பதினொரு மணி சுமாருக்கு நான்கு காவலர்கள் வீட்டுக்குள் வந்தார்கள். அப்போது நான் ஒரு மோதிரத்தைக் கைமாற்றிக்கொண்டிருந்தேன். வாங்குபவர் பணம் போட்டுவிட்டார், நான் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. "ஒரு நிமிஷம் இருங்க சார், பார்ட்டி காத்துக்கினு கீறாரு, குடுத்துட்டு வந்துடறேன்" என்று சொன்னேன். அதற்கு ஒரு காவலர், "எங்க கண்ணு முன்னாடியே குடுப்பியா" என்று சொல்லிக் கணினியின் வயரைப் பிடுங்கினார். அதன் பிறகு கட்டிலுக்கு அடியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் சாராயம் நிரப்பிய லாரி டியூப் இருக்கிறதா என்று தேடினார்கள். பெண் காவலர் ஒருவர் புளித்துக்கொண்டிருந்த இட்லி மாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, சந்தேகம் தீராமல் இன்னொருவரையும் முகரச் சொன்னார். என் தகப்பனார் படத்துக்குப் பின்னாலும் கை விட்டுத் துழாவினார்கள்.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுப் பாப்பாத்தி அக்காவின் கணவரும் என் தகப்பனாரும் ஒன்றாகக் குடித்து ஒன்றாக இறந்தவர்கள். அந்த அக்கா என் காலடியில் காறித் துப்பி, "ஒங்கப்பன் செத்தும் ஒனக்குப் புத்தி வர்லியா. இனிமே இந்த வூட்ல பச்சத்தண்ணி வாங்க மாட்டேன்" என்றார். நான் சொன்ன பதிலை யாரும் காதில் வாங்கவில்லை. கணினியையும் போனையும் எடுத்துக்கொண்டு என்னை ஜீப்பில் ஏற்றினார்கள்.

அதன் பிறகு காவல் நிலையத்துக்கு சுபைர் பாய் வரவழைக்கப்பட்டார். அவர் தன் போனில் விளையாட்டைத் திறந்து மருந்து பாட்டில்களைக் காட்டினார். சார்பு ஆய்வாளர் பார்த்துவிட்டுச் சிரித்தார், மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார், அவர்களும் சிரித்தார்கள். அதே போனில், வாங்குபவர்கள் இருக்கும் குழுவில், என் பெயரைப் போட்டுப் பணத்தை விழுங்கிவிட்டு ஓடியவள் என்று எழுதியிருந்தார்கள். மோதிரத்தைக் கொடுத்துவிடுகிறேன் அல்லது பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், என் போனைக் கொஞ்ச நேரம் தாருங்கள் என்று கேட்டேன். அது தடயம், தர முடியாது என்றார்கள். தெருவில் சாராயக்காரி, ஆட்டத்தில் திருடி என்று ஒரே பகலில் இரண்டு இடத்திலும் என் பெயரைக் கெடுத்துவிட்டு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று கேட்டேன். மரியாதையாகப் பேசச் சொன்னார்கள். நான் கேட்டதில் தப்பில்லை, இப்போதும் அதையேதான் கேட்கிறேன்.

அதன் பிறகு என் மேல் புகார் மனு கொடுத்தது யார் என்று கேட்டேன். சொல்ல மாட்டோம் என்றார்கள். மேஜை மேல் கிடந்த மனுவின் அடியில் என் தாயாரின் பெயரும் கைரேகையும் இருந்ததை நானே பார்த்தேன். அவர் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "பெத்த பொண்ணயே புடிச்சிக் குடுக்கறியே, என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா, இன்னா ஜென்மம் நீ" என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல், "ஒங்கப்பா எங்க வாங்கறாருன்னு தெரிஞ்சும் வாயத் தொறக்காம இருந்தேன். தூக்கிக் குடுத்துட்டேன். நீ விக்கிறன்னா நான் எப்படிச் சும்மா இருப்பேன்" என்று சொன்னார். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆறிவிட்டது என்று எழுத வேண்டாம்.

இப்போது, தவறாகப் புரிந்துகொண்டு கொடுத்தது என்று என் தாயார் மனுவை வாபஸ் வாங்கினால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, கணினியையும் போனையும் இன்றே தந்துவிடுவதாகச் சொல்கிறார்கள். அவர் கைரேகை வைக்கத் தயாராக இருக்கிறார். எனக்குச் சம்மதம் இல்லை. போன் கைக்கு வர நாளாக ஆக என் பெயரை மீட்பது கஷ்டம், ஒருவேளை மீட்கவே முடியாது என்பது தெரிந்துதான் சொல்கிறேன். சாராயம் விற்கிறார்கள் என்று எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் தன் பெண் என்றும் பாராமல் கொடுத்த மனு அது. விசாரித்து, நான் குற்றம் செய்யவில்லை என்று எழுதி முடியுங்கள், கிழிக்கக் கூடாது. நாளைக்கு அவர் வேறு யார் வீட்டைக் காட்டினாலும் இதே நான்கு பேர் இதே வேகத்தில் போக வேண்டும்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்கே படிக்கக் கொடுத்தார்கள். கிழிக்கக் கூடாது என்று நான் சொன்னது முதலில் விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்த பிறகு, இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அ. தேவிப்ரியா